எனக்கும் சித்திக்குமான சாடை

முந்திரிப் பழத்தின் கறைவாடை அடிக்கும் விரலால் சித்தி தன் மோவாயைத் தட்டினால் அது நான்தான். என் மோவாயில் மச்சம் இருப்பதால் அவள் எனக்கு வைத்த பெயர் அது. அம்மாவின் தங்கையான சித்திக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கந்தர்வக்கோட்டைப் பக்கத்து எங்கள் ஊரில் அவளுடைய "சாடை" முழுதாகப் புரிந்த ஒரே ஆள் நான் என்பதில் எனக்கு அப்படியொரு தலைக்கனம். "சித்தி என்ன கேக்குறா, பாத்துச் சொல்லுடி" என்று அம்மாவே என்னைத்தான் கூப்பிடுவாள்.

பிறகு தம்பி பிறந்தான். அம்மா முந்திரி உடைக்கப் போன நேரமெல்லாம் சித்தியின் மடியில்தான் கிடந்தான். வாயில் ஒரு சொல் வருமுன்பே அந்தப் பொடிப்பயல், சித்தி செய்வதைப் போலவே, பசுவில் கறப்பதுபோல் இரண்டு விரலைக் கீழே இழுத்துப் பால் கேட்டான். வயிறு நிறைந்தால் கையை உதறிக் காட்டினான். "பேச்சு வாரதுக்கு முந்தியே கையில பேசுறான் பாருங்க" என்று பக்கத்து வீட்டு அத்தை வாயைப் பிளந்தார். எனக்கு வயிறு எரிந்தது. நான் பார்த்துப் பார்த்துப் பழகியதை இவன் படுத்துக்கொண்டே வாங்கிவிட்டானே. நான் எதிரில் நின்று மோவாயைத் தட்டினாலும் சித்தியின் கண் அவன் விரலில்தான் இருந்தது.

சீக்கிரம் பேசித் தொலையட்டும் என்று "பால் சொல்லு, பால் சொல்லு" என அவன் முகத்துக்கு நேராக ஓதிக்கொண்டே இருந்தேன். பேச்சு வந்தது, கை ஓய்ந்தது. "அக்காக்காரி எப்புடிப் பேச வச்சுட்டா" என்று அம்மா மெச்சிக்கொண்டாள். சித்தி மறுபடி எனக்கே கிடைத்தாள்.

இன்றும் சித்தி என்னோடுதான் இருக்கிறாள். தம்பி கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். செல்போனில் வீடியோ பார்த்து, இன்னும் பேசும் வயது வராத தன் மகளுக்குச் சைகை பழக்குகிறான். தான் அப்படி வளர்ந்தது அவனுக்கு நினைவே இல்லை. போன வாரம் வீடியோ காலில், "அக்கா, சித்திகிட்டக் காட்டு, பாப்பா கையாலயே பால் கேக்குறா" என்றான், ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல. குழந்தை விரல்களை மடக்கி மடக்கி விரித்தது. நரைத்த தலையைப் போனுக்குள் விட்டுவிடுவதுபோலக் குனிந்த சித்தி, தானும் மடக்கி விரித்துச் சிரித்தாள்.

கறக்கும் அந்த இரண்டு விரலை அதற்குப்பின் எங்கள் வீட்டில் நான் பார்க்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் சித்தி என் எதிரே வந்து மோவாயைத் தட்டினாள். பிறகு விரல்களை மடக்கி விரித்தாள். பால் அடுப்பில்தான் இருந்தது. நான் புரியாதவள்போல நின்றேன்.