எந்தப் பால்?

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்திருந்த நாற்காலியில் என் துண்டு உட்கார்ந்த நேரம்தான் அதிகம். மணி அடிக்கும் வரை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்துகொண்டே தமிழ்ப் பாடம் நடத்துவேன். என் மகளுக்கு ஒன்றரை வயதான அந்த வருஷம் வீட்டிலும் அப்படித்தான் நடந்தேன். ஏனென்றால் பிள்ளை என் கண்முன்னால் தேய்ந்துகொண்டிருந்தாள்.

தாய்ப்பால் மறக்கடித்ததிலிருந்து தொடங்கியது. ஒரு நாளைக்கு ஆறேழு தடவை வயிற்றோட்டம். வயிறு உப்பி இருக்கும், கைகால் குச்சியாக இருக்கும். முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் சொறி வந்து, ரத்தம் கசியும் வரை பிராண்டிக்கொள்வாள். பிராண்டாமலிருக்க என் மனைவி அவள் கைகளில் பழந்துணியைச் சுற்றிக் கட்டிவைத்தாள். அந்தத் துணி உருண்டைகளால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள் பாருங்கள், அப்போதெல்லாம் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருக்கும். அடிக்கத்தான் ஆள் கிடையாது.

வந்தவர் போனவரெல்லாம் வைத்தியம் சொன்னார்கள். பூச்சி என்றார் ஒருவர், கணைச்சூடு என்றார் இன்னொருவர், கண்ணேறு என்று ஒரு அம்மாள் கயிறு மந்திரித்துக் கட்டினாள். எதைச் சொன்னாலும் கடைசியில் எல்லோரும் ஒரே வார்த்தையில் வந்து நின்றார்கள்: பிள்ளை இளைத்திருக்கிறது, நல்ல பசும்பாலாகக் கொடுங்கள். இதைக் கேள்விப்பட்ட என் மாமனார் இரணியலிலிருந்து கன்றும் பசுவுமாக ஓட்டி அனுப்பிவிட்டார். காலையில் ஒரு தம்ளர், மாலையில் ஒரு தம்ளர். பிள்ளை வாயை இறுக்கிக்கொள்வாள். நான் கைகளைப் பிடித்துக்கொள்ள, என் மனைவி பாலாடைச் சங்கை உதட்டோரம் செருகி ஊற்றுவாள். பிள்ளை ஆசையாகத் தின்றது ஒன்றே ஒன்றுதான். தேங்காய்ப் பாலில் ஊறப்போட்ட ஆப்பம். அதை மட்டும் தானே எடுத்துத் தின்பாள்.

எட்டு மைல் தள்ளி இருந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு புது டாக்டர் வந்திருந்தார். மதராஸ்காரர். பஸ் பிடித்துப் போனோம். கூட்டம் தாங்க முடியவில்லை. பிள்ளை வீறிட்டு அழுததால், பார்த்து முடித்தவுடன் என் மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் மட்டும் உள்ளே நின்றேன். அவர் எழுதிக்கொண்டே சொன்னார்:

“பாலை ஒரு மாசத்துக்கு அறவே நிறுத்திடுங்க. பால் சேர்த்துச் செய்யறது எதையும் கொடுக்காதீங்க. அப்புறம் கொண்டு வந்து காட்டுங்க.”

அவ்வளவுதான். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்.

“எந்தப் பாலுன்னு கேட்டியளா?”

இந்தக் கேள்வியின் நியாயம் எங்கள் திருவிதாங்கூர்ப் பக்கத்து அடுக்களை தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். எங்கள் சமையலில் பால் என்று பேச்சு வந்தால் அது தேங்காய்ப் பால். முதலில் பிழிவது ஒண்ணாம்பால், தண்ணீர் விட்டு மறுபடி பிழிவது ரெண்டாம்பால். ஓலனுக்கு, சொதிக்கு, பாயாசத்துக்கு, ஆப்பத்துக்கு எல்லாம் அதுதான். “பால் சேர்த்துச் செய்வது” என்றால் வேறு எதுவும் எங்கள் நினைவுக்கு வராது. மாட்டுப் பால் காப்பியில் விடுவது. மற்றபடி அது நோயாளிக்குக் கொடுக்கிற மருந்து. மருந்தை எந்த டாக்டர் நிறுத்தச் சொல்வார்?

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “கேக்க வேற செய்யணுமா? நோவாளிப் பிள்ளைக்குப் பசும்பாலை நிறுத்தச் சொல்ல அவருக்கு என்ன கிறுக்கா? தேங்காப்பாலுதான். நான் தமிழ் வாத்தியாரு, எனக்குத் தெரியாதா?” என்றேன். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஆப்பம் நின்றது. தேங்காய்ப் பால் சொட்டுக்கூட வீட்டில் கிடையாது. அதை ஈடுகட்ட பசும்பால் மூன்று தம்ளரானது. ஏத்தங்காய் என்கிற நேந்திரங்காய்ப் பொடியை அதிலேயே கூழாகக் காய்ச்சி ஊட்டினோம்.

அந்த ஒரு மாதத்தை எப்படிக் கடந்தேன் என்று இப்போது யோசித்தால் நடந்தே கடந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு இருமலும் இழுப்பும் சேர்ந்துகொண்டன. நிற்கப் பழகியவள் மறுபடி தவழ்ந்தாள், அப்புறம் அதையும் விட்டுவிட்டாள். வகுப்பில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வருவேன். இதற்கிடையில் கூட்டங்களுக்கும் போனேன். நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி சர்க்காரின் கீழ் இருந்த காலம் அது. தாய்த் தமிழகத்தோடு எங்களைச் சேர்க்க வேண்டும் என்று ஊர்தோறும் பேச்சு. இங்கே பேசுவதும் அங்கே பேசுவதும் ஒரே தமிழ், இடையில் ஒரு நூல்கூட நுழையாது என்று ஒரு மேடையில் நானே முழங்கினேன். கைதட்டினார்கள்.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது பொறுமை போய்விட்டது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் சக ஆசிரியர் ஒருவரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். வைத்தியம் கேட்கப் போகவில்லை, சண்டை போடப் போனேன். நீங்கள் சொன்னதைக் கேட்டு என் பிள்ளை சாகக் கிடக்கிறாள் என்று வாசலிலேயே சத்தம் போட்டேன். அந்த டாக்டர் கோபிக்கவில்லை. என்னை உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. நேற்று காலையிலிருந்து குழந்தைக்கு என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். குறையில்லாமல் வளர்க்கிறோம் என்று காட்டுகிற தோரணையில் சொன்னேன்: காலையில் ஒரு தம்ளர் பசும்பால், பத்து மணிக்குப் பாலில் காய்ச்சிய கூழ்...

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “பாலை நிறுத்தச் சொன்னேனே.”

“நிறுத்தியாச்சு. ஒண்ணாம்பாலும் இல்ல, ரெண்டாம்பாலும் இல்ல.”

அவர் முழித்தார். அது என்ன ரெண்டாம்பால் என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ் மார்த்தாண்டத்துக்காரி. அவள்தான் மெதுவாகச் சொன்னாள்:

“டாக்டரே, இவிய தேங்காப்பாலைச் சொல்லுதாவ.”

டாக்டர், சில குழந்தைகளுக்கு மாட்டுப் பால் ஒத்துக்கொள்ளாது, வயிற்றோட்டமும் சொறியும் இழுப்பும் அதனாலேயே வரலாம், உங்கள் குழந்தைக்கும் அப்படியோ என்று பார்க்கத்தான் நிறுத்தச் சொன்னேன் என்று விளக்கினார். தேங்காய்ப் பால் கொடுக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக, என்றார். கூடவே, நானும் விவரமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எட்டு மைலும் நான் வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே மிதித்தேன். பஸ்ஸில் அவள் கேட்ட கேள்வி கூடவே வந்தது. பிள்ளைக்குப் பிடித்த ஒரே சாப்பாட்டைப் பிடுங்கிவிட்டு, பிடிக்காததை மூன்று தம்ளராக்கி ஊற்றியிருக்கிறேன். கைகளைப் பிடித்துக்கொண்டவன் நான்தான். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் பொய் சொன்னேன். டாக்டர் வைத்தியத்தை மாற்றிவிட்டார், இனிப் பசும்பால் கூடாதாம், தேங்காய்ப் பால் கொடுக்கலாமாம் என்றேன்.

என் மனைவி அப்போதே பால் தம்ளரைக் கொண்டுபோய்க் கொட்டினாள். “நல்ல மனுசன்தான். தப்புன்னு தெரிஞ்சதும் மாத்திச் சொல்லியாவளே, அதுக்கு மனசு வேணும்” என்றாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நடந்தேன்.

நாலாம் நாள் வயிறு கட்டியது. இழுப்பு அடங்கியது. மூன்று வாரத்தில் சொறி காய்ந்து உதிர்ந்தது. கைத்துணியை அவிழ்த்துப் போட்டோம். இரண்டு மாதத்தில் சுவரைப் பிடித்து நின்றாள், பிறகு நடந்தாள். நடுவில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ பசும்பாலில் செய்த சேமியாப் பாயாசம் இரண்டு கரண்டி ஊட்டிவிட, சாயங்காலமே உடம்பெல்லாம் தடித்துத் தடித்து வந்தது. அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லை. ஊர்தான் நம்பவில்லை. பசுவைக் கட்டிவைத்துக்கொண்டு பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்காதவர்கள் என்று பேசினார்கள். என் மனைவி அதைச் சட்டை செய்யவில்லை. எங்கள் வாழையில் ஒரு மட்டிப்பழக் குலை பழுத்ததும், அதை டாக்டருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக் கும்பிட்டு வரவேண்டும் என்றாள். எனக்கு நேரமில்லை என்றேன். குலை கெட்டுப் போகும் என்றாள். நாளைக்கு என்றேன். மறுநாள் அவளே பிள்ளைக்குச் சட்டை போட்டு, குலையைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸுக்குப் புறப்பட்டு நின்றாள்.

அப்போதுதான் சொன்னேன். அவள் எதிரில் நின்று, முற்றத்துக் கல்லைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் முதலிலேயே சரியாகத்தான் சொன்னார், உன் கேள்விதான் சரி, நான்தான் கேட்காமல் வந்தேன், வந்த பிறகும் மறைத்தேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள் என்றும் எதிர்பார்த்தேன். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

“இவளுக்கு ஒண்ணு ஆயிருந்தா, இதை எங்கிட்டச் சொல்லியிருப்பியளா?”

நான் குலையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு அவளுக்கு முன்னால் வேகமாக நடந்தேன். பதில் எனக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்தவளுக்கும் தெரிந்திருக்கும்.