கோதுமை கொடுக்கச் சொன்னவருக்கு

டாக்டர், என் கையாலேயே என் கணவருக்கு விஷம் கொடுக்க வைத்தவர் நீங்கள்.

இதை உங்களுக்காக மட்டும் எழுதவில்லை. வயிறு கலங்கி, எடை இறங்கி, காரணம் தெரியாமல் கிடப்பவர்கள் வீட்டாரும் படிக்கட்டும்.

என் கணவர் எண்ணூரில் லாரி ஓட்டுபவர். முதலில் வயிற்றுப்போக்கு. வழியில் தின்ற பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். இரண்டு மாதத்தில் லுங்கி இடுப்பில் நிற்கவில்லை. திருவொற்றியூரில் உங்கள் கிளினிக்குக்கு அழைத்து வந்தேன். ரத்தசோகை (ரத்தத்தில் சிவப்பணு குறைவது) என்றீர்கள். "சோத்தை நிறுத்தும்மா. கோதுமை குடு, கறி குடு. தெம்பு தன்னால வரும்."

குவைத்தில் நான்கு வருடம் ஒரு வீட்டில் சமைத்தவள் நான். அங்கே நோன்பு திறப்பவர்களுக்கு ஹரீஸ் செய்வார்கள். கோதுமையும் கறியும் சேர்ந்த கஞ்சி. இதைவிட வேறென்ன தெம்பு என்று நினைத்தேன்.

புளியந்தோப்புக்குப் பஸ் ஏறி எலும்போடு கறி வாங்கினேன். உமி நீக்கிய முழுக் கோதுமையை முதல் நாளே ஊறப்போட்டேன். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் நாலு மணி நேரம் வெந்தது. எலும்பைப் பொறுக்கிவிட்டு, எது கறி எது கோதுமை என்று தெரியாதபடி மத்தால் அடித்தேன். தோள்பட்டை கழன்றது. மேலே நெய்.

"இன்னாமே, ஷேக்கு வூட்டு கஞ்சியா? அப்டியே ஒரு ஒட்டகம் வாங்கி வாசல்ல கட்டு" என்று சிரித்தார்.

மூன்றாவது வாரம் சிரிக்கவில்லை. "இத்த துன்னாதான்மே வயிறு கலக்குது."

"சும்மா துன்னுய்யா. டாக்டரு சொல்லிக்கீறாரு."

மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை உங்களிடம் வந்து அப்படியே சொன்னேன். உங்கள் இடுப்பில் பேஜர் கூவியது. அதைப் பார்த்துக்கொண்டே, "டாக்டர் நீயா நானா? இன்னும் ஒரு வேளை சேத்துக் குடு" என்றீர்கள். கொடுத்தேன். மூன்று வேளையும் கொடுத்தேன். கால் வீங்கியது. லாரிக்காரன் சீக்கு, எய்ட்ஸ்தான் என்று தெருவில் பேசினார்கள். ஒருநாள் நானும் அவரை அப்படிப் பார்த்தேன். அது அவருக்குத் தெரிந்துவிட்டது.

கக்கூஸ் வாசலில் விழுந்த அன்று அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம். அங்கே ஒரு லேடி டாக்டர்தான் முதன்முதலாகக் கேட்டார்: "வீட்ல என்னம்மா சாப்பிடுறார்?"

ஹரீஸ் செய்முறையைப் பெருமையாகவே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மூணு வேளையுமா?"

எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பது), பயாப்சி (குடலிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிப்பது) முடிந்தபின் பெயர் சொன்னார். சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள ஒரு புரதம் பட்டாலே சிறுகுடலின் உள்சுவர் அழியும் நோய்). மருந்து என்று எதுவும் இல்லை. கோதுமையை நிறுத்துவதுதான் மருந்து.

நிறுத்தினோம். சோறு, மீன், கேழ்வரகு. பத்தே நாளில் வயிறு அடங்கியது. ஒருநாள் ரசத்தில் மறுபடி கலங்கியது. பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. இதைப் படிக்கும் வீட்டாரும் பார்த்து வாங்குங்கள்.

இப்போது லாரி ஓட்டுகிறார். எதைத் தின்றாலும் ஒரு மணி நேரம் வயிற்றில் கை வைத்துக் காத்திருக்கிறார். எங்கள் வீட்டில் பொழுது அப்படித்தான் போகிறது. நான் தட்டு வைத்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறார். அதற்கு மருந்து யாரும் சொல்லவில்லை.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன். "இது வடநாட்டுக்காரங்க வியாதிம்மா" என்று பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பித் தந்தீர்கள். அடுத்து உள்ளே வந்த அம்மாவிடமும் சோற்றை நிறுத்தச் சொன்னீர்கள். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

மாதா மாதம் இலவச முகாம் போட்டு மைக்கில் பேசுகிறீர்களே. அடுத்த முகாமுக்கு என் கணவரோடு வந்து முன்வரிசையில் உட்காருவேன். தின்றால் வயிறு கலங்குகிறது என்று நோயாளி சொன்னபோது, என்ன தின்கிறாய் என்று ஏன் கேட்கவில்லை? அதே மைக்கில், எல்லோர் எதிரிலும், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.