குணம் அண்ணை வருவதாகச் சொல்லிவிட்டு வந்த கோட்டை

றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் வளவில் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது குணம் அண்ணையின் மகள் நிரூஜாவின் அழைப்பு வந்தது. “அன்ரி, அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார்” என்றாள். அந்த நேரத்தில் அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம். மூன்று கிழமைக்கு முன்னர் அவரிடம் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அதைத் திருத்திச் சொல்ல இனி அவர் இல்லை. போதாக்குறைக்கு, அது பொய் என்று இன்னொருவருக்கும் தெரியும் என்ற எண்ணம் அந்தப் பட்டப்பகலில் என்னைப் பின் இருக்கையைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

குணநாதனை அறிந்த நீங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டீர்கள். அப்போது என்னால் எழுத முடியவில்லை, மன்னிக்க வேண்டும். அவருடைய நல்ல குணங்களை மற்றவர்கள் நன்றாகவே எழுதிவிட்டார்கள். நான் நடந்ததை எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல் சொல்வது ஒன்றைத்தான் அவர் என்னிடம் எப்போதும் எதிர்பார்த்தார்.

நாங்கள் இருவரும் ரொறன்ரோவில் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளர்களாக இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்தோம். அவர் எனக்கு முன்னரே வந்தவர். பார்க்டேலில் ஒரே அறையில் ஐந்து பேரோடு படுத்தெழும்பிய காலத்திலிருந்தே அந்த வேலைதான். “நாங்கள் வெறும் குழாய், சாந்தா. தண்ணி வரும், போகும். நாங்கள் அதைக் குடிக்கவும் கூடாது, சீனி போடவும் கூடாது” என்பார். ஒருமுறை விசாரணையில் பொறுமையிழந்த ஒருவர் அதிகாரியைத் தாய் தகப்பன் வரைக்கும் இழுத்துத் திட்டிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் மழுப்பியிருப்பார்கள். குணம் அண்ணை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு சொல் விடாமல், அதே ஒழுங்கில் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். அவ்வளவு மரியாதையான குரலில் அவ்வளவு கெட்ட வார்த்தைகளை நான் அதன் பிறகு கேட்டதில்லை.

அந்த அறைகளில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. எல்லாரும் விதியை மதிப்போம்; ஆனாலும் சிலவற்றை ஊர் பேர் இல்லாமல் வீட்டில் புலம்பித்தான் இருக்கிறோம். குணம் அண்ணை மட்டும், மனைவி உயிரோடு இருந்தபோது அவரிடம்கூட வாய் திறக்கவில்லை. இத்தனை வருடக் கதைகளை இந்த மனிதர் எங்கே கொண்டுபோய் வைக்கிறார் என்று நான் யோசித்ததுண்டு.

மகள் நிரூஜா கலியாணம் முடித்து வேல்ஸுக்குப் போனபிறகு ஒவ்வொரு கோடையிலும் அங்கே போவார். போனால் கோட்டை பார்க்க வேண்டும். நுழைவுச்சீட்டும் தேநீர்க் கடையும் உள்ள பெரிய கோட்டைகள் அவருக்குப் பிடிக்காது. செம்மறிகள் மேயும் வயலுக்கு நடுவே, கூரையில்லாமல், பாதி இடிந்து நிற்பவைதான் வேண்டும். திரும்பி வந்து தொலைபேசியில் படம் காட்டுவார். ஒன்றிலும் ஆள் இருக்காது. வாசல் மட்டும் இருக்கும்: உள்ளே போகுமுன் ஒரு படம், வெளியே வந்தபின் அதே வாசலின் இன்னொரு படம்.

“கோட்டையிலை அப்பிடி என்ன ஆசை அண்ணை? எங்கடை ஊர்க் கோட்டைப் பக்கம் தலை வைச்சும் படுக்கமாட்டன் எண்டனீங்கள்” என்று கேட்டேன்.

“அங்கை செத்த ஆக்களை எனக்குத் தெரியும். இங்கை செத்த ஒருத்தரையும் தெரியாது. அதாலை பயமில்லாமல் இருந்து கதைக்கலாம்” என்றார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன்.

முந்தின வருடம் கோடையில் தம்பி மகனான என் மருமகனின் கலியாணத்துக்கு நான் லண்டன் போயிருந்தபோது, அவரும் வேல்ஸில் நின்றார். மூன்று நாள் வந்து நில்லுமன் என்று கேட்டார், போனேன். இரண்டாம் நாள் நிரூஜா எங்களை ஒரு குன்றடியில் இறக்கிவிட்டு, வேலைத்தல அழைப்பு ஒன்று இருக்கிறதென்று காரிலேயே இருந்துவிட்டாள். மழை என்று சொல்ல முடியாத ஒரு தூறல். வயலின் இரும்புப் படலையைத் திறந்து, மறக்காமல் சாத்தி, செம்மறிகளுக்கிடையே ஏறினோம். அவை மேய்வதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தன. பிறகு எங்களுக்குப் பின்னால் எதையோ பார்த்தன.

கோட்டை வாசலில் அவர் நின்றார். நம் ஊரில் படலையடியில் நின்று கூப்பிடுவோமே, அதே குரலில், “வீட்டுக்காரர்! உள்ளுக்கு வரலாமோ?” என்றார்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “ஆர் அண்ணை இருக்கினம், மறுமொழி சொல்ல?”

“ஆற்றையோ வீடு. கேக்காமல் போறது மரியாதையில்லை.”

உள்ளே நாலு சுவரும் புல்லும். மாடித் தளங்கள் விழுந்துபோனதால், ஆளுயரத்துக்கு மிக மேலே, சுவரின் நடுவில் ஓர் அடுப்பு மட்டும் தொங்கியது. கரி பிடித்த கல் இன்னமும் கறுப்பாக இருந்தது. அதற்கு விறகு வைக்க இனி எவரும் நிற்க இடமில்லை. குணம் அண்ணை மூலைக் கோபுரத்தின் சுழல் படிகளில் ஏறிப்போனார். நான் கீழே காற்றுக்கு ஒதுங்கி நின்றேன். சற்று நேரத்தில் அவர் பேசுவது கேட்டது. சொற்கள் விளங்கவில்லை. பேசுவதும், நிறுத்துவதும், பிறகு தொடர்வதுமாக இருந்தது. தொலைபேசியில் யாரோடோ கதைக்கிறார் என்று இருந்துவிட்டேன். முக்கால் மணித்தியாலம் போனது. நிரூஜா கீழிருந்து ஹோர்ன் அடித்தாள். பேச்சு சட்டென்று நின்றது. இறங்கி வந்தவர், கடைசிப் படியில் திரும்பி மேலே பார்த்து, “அப்ப போட்டு வாறன்” என்றார்.

காரில் ஏறி இருந்ததும் அவருடைய தொலைபேசி முன் இருக்கையில் கிடந்ததைக் கண்டேன்.

அவர் முகம் வெளுத்திருந்தது. “நான் என்ன சொல்லிப்போட்டு வந்தனான் எண்டு கேட்டனீரோ?” என்றார். செத்தவீட்டில் நாங்கள் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் எழும்பி வருவோம். சிறுபிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். எத்தனையோ கோட்டைகளில் அதைப் பார்த்துப் பார்த்து நடந்தவர், அன்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். விசாரணைகளில் கேட்ட கதைகளைத்தான் ஒவ்வொரு கோடையும் இந்தச் சுவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறார். “குழாயிலும் கறள் பிடிக்குமெல்லோ. எங்கையாவது ஊத்த வேணும்.” மேலே யன்னலடியில், எதிரெதிராக இரண்டு கல் இருக்கைகள் இருந்தனவாம். எல்லாம் நனைந்திருக்க, ஒன்று மட்டும் காய்ந்து, ஆள் எழும்பிப் போன கதிரைபோல இளஞ்சூடாக இருந்ததாம். அவர் மற்றதில் இருந்தார். “ஆரோ கேட்டுக்கொண்டிருந்தினம், சாந்தா. இவ்வளவு நாளும் சுவருக்குச் சொன்னனான். இண்டைக்குக் கேட்டவை. நான் கதையின்ரை பாதியிலை எழும்பி வந்திட்டன்.”

நான் அதையும் சிரித்து மழுப்பினேன். நிரூஜா, “அப்பா, ப்ளீஸ்” என்று சொல்லி வானொலியைப் போட்டாள்.

அந்த வருட முடிவில் அவருக்கு வருத்தம் கண்டது. ஈரலில் தொடங்கிப் பரவிவிட்டது என்றார்கள். பங்குனியில் ஸ்காபரோவில் வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபடி என்னைக் கூப்பிட்டார். அடுத்த மாதம் நான் மருமகனின் பிள்ளையைப் பார்க்க லண்டன் போவது அவருக்குத் தெரியும். “ஒரு உதவி. அந்தக் கோட்டைக்குப் போய் நான் சொல்லுறதைச் சொல்லிப்போட்டு வாரும். ‘குணநாதன் வரமாட்டான், பாத்துக்கொண்டிருக்க வேண்டாம்.’ அவ்வளவுதான். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

“தமிழிலையோ, வெல்ஷ் மொழியிலையோ?” என்றேன்.

“தமிழிலைதான். நான் தமிழிலைதானே கதைச்சனான். அவைக்கு விளங்கினது.” பிறகு என் கையைப் பிடித்தார். “வாறன் எண்டு சொன்ன ஆள் வராட்டில் நாங்கள் என்ன செய்வம்? தேடிக்கொண்டு போகமாட்டமோ?”

அவருக்குச் சாவில் பயம் இருக்கவில்லை. தேடி வருவார்களே என்றுதான் பயம். போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நான் போகவில்லை. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. குழந்தை பிறந்த முப்பத்தோராம் நாள் விருந்து, உறவினர் வீடுகளில் சாப்பாடு, உடுப்புக் கடை, ரயிலுக்கு அலுப்பு. நிரூஜாவும் தகப்பனோடு ரொறன்ரோவில் நின்றாள். அந்த மழைக்குள் தனியே யார் போவது? உண்மையைச் சொன்னால், கேலி செய்த எனக்கு அந்தப் படிகளில் தனியே ஏறப் பயமாகவும் இருந்தது. திரும்பி வந்த மறுநாள் மத்தியானம் அவர் கட்டிலருகே நின்று, “சொல்லிப்போட்டன் அண்ணை” என்றேன்.

விசாரணை அறையில் இருந்த அதே மனிதர் கண் திறந்தார். “என்ன சொன்னனீர்? சொல்லுக்குச் சொல் சொல்லும்.”

சொன்னேன்.

“எங்கை நிண்டு?”

“மேலை, யன்னலடியிலை.”

“மறுமொழி?”

“ஒண்டுமில்லை. எல்லாம் அமைதி.” வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு முன்னால் தண்ணீரில் சீனி போட்டேன்.

அவர் தலையைத் திருப்பி, யன்னலோரம் வெறுமையாக இருந்த பார்வையாளர் கதிரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், அந்தக் கதிரையைக் கண்ணால் காட்டி, கோபமில்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார்: “அப்ப உவர் ஆர்?”

அந்த அறையில் நனைந்த ஆட்டுமயிரின் மணம் அடித்தது. என் கம்பளிக் கோட்டு நனைந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மழை பெய்யவில்லை. தாதி வந்ததும் ஏதோ சாட்டுச் சொல்லிவிட்டு வெளியேறினேன். அதன்பிறகு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் அவர் மயக்கத்தில் இருந்தார். பொய்யை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு சந்தர்ப்பம் இருந்தது. அதை விட்டுவிட்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் முடிந்து நிரூஜா வேல்ஸுக்குத் திரும்பியபோது நானும் கூடப் போனேன். காரில் வைத்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. “போட்டு வாங்கோ அன்ரி, நான் கீழை நிக்கிறன்” என்றாள். வாசலில் நின்று, வரலாமோ என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. கோபுரத்தில் ஏறினேன். வெயில் நாள். யன்னலால் பார்த்தால் வயலும் காரும் தெரிந்தன; காரில் சாய்ந்து நிரூஜா நின்றாள். எங்கும் வேறு ஒரு மனித அசைவு இல்லை.

கல் இருக்கையில் அமர்ந்து, அவர் தந்த செய்தியை அவர் தந்தபடியே சொன்னேன். குணநாதன் வரமாட்டான், பாத்துக்கொண்டிருக்க வேண்டாம். பிறகு குழாய் தன் பங்குக்கும் பேசியது: “முதலே வந்து சொல்லச் சொன்னவர். நான் வரேல்லை. வந்தனான் எண்டு சாகக்கிடந்த மனிசனுக்குப் பொய் சொன்னனான்.”

அப்போது கீழே படியில் காலடி கேட்டது.

குணம் அண்ணைக்கு இரண்டு முழங்காலும் பழுது. அவரோடு மாடி ஏறிய உங்கள் எல்லாருக்கும் அந்த நடை தெரியும்: இடது காலை வைத்து, வலது காலையும் அதே படிக்குக் கொண்டுவந்து, ஒரு மூச்சு விட்டு, பிறகு அடுத்த படி. அந்த நடை ஏறிக்கொண்டிருந்தது. வரமாட்டான் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, ஆள் வந்துகொண்டிருந்தார். நிரூஜா கீழே காரடியில்தான் நின்றாள். ஓடலாமென்றால் ஓடவும் அந்தப் படி ஒன்றுதான் வழி. அந்தக் காலடியைத்தான் இன்று அவரிடமிருந்து எனக்கென்று வைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பு வேலைக்கென்று அவர் எழுதித் தந்த அகராதிக் குறிப்புகளும், வாசல் படங்களும் வேறு யாருக்காவது உதவட்டும். பொய் சொன்ன ஒருத்தியிடம், வலிக்கிற காலோடு அத்தனை படி ஏறி வர ஒரு மனிதர் இருந்தார் என்பது எனக்குப் போதும்.

காலடி கடைசி வளைவுக்கு வந்து, மூச்சு வாங்க நின்றது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்லில் ஒதுங்கி இடம் விட்டேன்.

“வாங்கோ அண்ணை,” என்றேன், “இருங்கோ.”