பறக்கும் மாட்டை விற்பது எப்படி?

காங்கேயம் பக்கம் ஒரு மாட்டுச் சந்தை. எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது. நான் எழுதும் மாயாஜால நாவலில் ஒரு ராஜ்யம் முழுக்கப் பறக்கும் மாடுகள். அவற்றின் தீவனம், தொழுவத்தின் கூரை உயரம் எல்லாவற்றையும் ஆராய்ந்து நோட்டில் எழுதியாகிவிட்டது. சாணி எங்கே விழும் என்பதற்கு மட்டும் இரண்டு பக்கம். விற்பனைதான் பாக்கி.

மழை பொய்த்து, மேய்ச்சல் கருகி, தன் வெள்ளைப் பசுவை விற்க வந்திருக்கும் ருக்மணி நான் சொல்வதைச் சிரிக்காமல் கேட்கிறார். வாங்க வந்தவர் பசுவின் முதுகில் சுழி பார்க்கிறார். மயிர்ச்சுழி தப்பான இடத்தில் இருந்தால் வீட்டுக்கு ஆகாதாம்.

"றெக்கைக்கு அடியில சுழி இருந்தா?" என்கிறேன் ருக்மணியிடம்.

"தூக்கிப் பாத்துக்குவாங்க. அதுக்கில்லீங்க, வித்துப்போட்டா அது என்ன பண்ணுமுங்க?"

"புது எஜமானர்கூடப் பறந்து போகும்."

"எங்கீங்க போகும்? எங்க ஊட்டுக்குத்தான் வரும்."

விலை படிகிறது. இங்கே மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை. வாங்கியவர் புதுக்கயிறு கட்டியதும், ருக்மணி பழையதை அவிழ்த்துச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு நடக்கிறார். பசுவும் அவர் பின்னாலேயே நாலடி நடக்கிறது. புதுக்கயிறு அதை இழுத்து நிறுத்துகிறது. ருக்மணி திரும்பிப் பார்க்கவில்லை.

நான் நோட்டைத் திறந்து, அந்த ராஜ்யத்தில் மாட்டுச் சந்தை கிடையாது என்று எழுதுகிறேன்.