அட்டைக்குப் பின்னால் நின்றவன்

கனடாவில், யூனியன்வில்லில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். அங்கே அடிக்கடி வந்தவர்களில் ஒருவர் மன்னாரைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற பல் வைத்தியர். ஒஷாவாவில் தனியாக வசித்த ஸ்கொட்லாந்து ஓவியர் ஒருவரின் நீர்வண்ணப் படங்களை விடாமல் வாங்கியவர் அவர் ஒருவர்தான். ஓவியர் பல்லுப் பிடுங்கப் போன இடத்தில் தொடங்கிய சிநேகிதம். இருபது வருடமாக வாரம் ஒருமுறை சந்தித்துத் தேநீர் குடிப்பார்கள். "ரெண்டு பேரும் பெரிசாக் கதைக்கிறேல்லை" என்று வைத்தியரே சொல்லிச் சிரிப்பார்.

ஒரு மார்ச் மாதம், தான் வாங்கிய முதல் படத்தைக் கொண்டுவந்தார். கண்ணாடியின் உட்பக்கம் ஈரம் பிடித்திருந்தது. சாம்பல் நிறக் கடற்கரை, நீர் வற்றிப் பின்வாங்கிய கடல், தூரத்தில் ஒரு பாறை. ஆட்கள் இல்லை.

"கவனம் பிள்ளை. விடிய எழும்பினா நான் முதல் பாக்கிறது இதைத்தான்."

அவர் பார்த்திருக்கவே பிரித்தேன். படத்தைச் சுற்றியிருந்த வெள்ளை அட்டையைத் தூக்கியபோது, அது மறைத்திருந்த இடது ஓரத்தில் இன்னும் இரண்டு விரல் அகலத்துக்குக் கடல் இருந்தது. அதில் இடுப்பளவு தண்ணீரில் ஒருவன் நின்றான். முகம் தூரிகையின் ஒரேயொரு தொடுகை. இருந்தும் அவன் கரையைத்தான் பார்க்கிறான் என்று தெரிந்தது.

வைத்தியர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "உவன் எப்பிடி இஞ்சை வந்தவன்?"

"ஆர் அங்கிள்?"

"என்ரை தம்பி. இந்தியாவுக்கெண்டு வள்ளத்திலை போனவன். போய்ச் சேரேல்லை."

அங்கே நின்றபடியே ஓவியருக்குத் தொலைபேசி எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு, கடலில் போன தன் தம்பி அட்டைக்குப் பின்னால் நிற்கிறான் என்றார். பிறகு ஓவியர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "அது என் அண்ணன். கை தூக்கிக் கூப்பிட்டான். விளையாடுகிறான் என்று கரையிலேயே நின்றுவிட்டேன். வரைந்த பிறகு என்னால் பார்க்க முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை. அட்டையை வெட்டி மூடி உன்னிடம் தந்தேன்."

"ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"நீயும் உன் தம்பியைப் பற்றிச் சொன்னதில்லையே."

தொலைபேசியை வைத்த பிறகு, பழைய அளவிலேயே புது அட்டை வெட்டட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை, திறந்து விடு. இத்தனை வருசமும் இருட்டுக்கை நிண்டிட்டான்."

இரண்டு கிழமை கழித்து, ரூஜ் பகுதியில் இருந்த வைத்தியருடைய வீட்டில் அதை மாட்டப் போனேன். ஓவியரும் வந்திருந்தார். படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். வைத்தியர் அவருக்கு எதிரே, படத்தைப் பார்த்தபடி.

"அவருக்குப் பாக்க ஏலாது. ஆரேன் ஒராள் பாக்கத்தானே வேணும்" என்று வைத்தியர் என்னிடம் தமிழில் சொன்னார்.

புறப்பட்டபோது ஓவியர் வாசல்வரை வந்தார். "அவன் கை தூக்கியபடிதானே நிற்கிறான்?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

நான் அந்த உருவத்தைப் பலமுறை பார்த்திருந்தேன். கை எதுவும் தூக்கியிருக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு, ஈரத்தில் அந்த இடம் கரைந்திருக்கலாம் என்றேன்.



"அப்படியானால் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான்" என்றார். திரும்பி உள்ளே போய், முன்பு இருந்த கதிரையிலேயே உட்கார்ந்தார்.