எல்லாம் முடிஞ்சிருச்சு மாத்தையா

என் மாமனார் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நெடுநாள் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். தோட்டத்து மேனேஜர் துரையின் ஆபீசில் போய் எதையாவது கேட்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. நாங்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு தகரம் ஓட்டை என்றால், கூரையே இல்லை என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்த ஒரு தகரமாவது வந்து சேரும். அப்படிக் கேட்டுத்தான் எங்கள் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது, அதை நான் மறுக்கவில்லை. எங்கள் லொறி போனதும் அப்படிக் கேட்டுத்தான்.

என் நகையும், என் கணவர் கத்தாரில் வெந்த வருஷங்களும் சேர்ந்துதான் அந்த லொறி. லிந்துலையில் லீக்ஸும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார். ஒரு நாள் விடியற்காலை நானுஓயாவுக்குக் கீழே, பனிமூட்டத்தில் விளக்கில்லாமல் நின்றிருந்த எண்ணெய் பவுசர் ஒன்றின் பின்னால் போய் மோதிவிட்டார். அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். லொறியின் முன்பக்கம் நசுங்கிப்போயிருந்தது.

"எஞ்சின் ஸ்டார்ட் ஆகுது. சேசி நேராத்தான் இருக்கு. மூஞ்சிய மட்டும் செஞ்சா போதும்," என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கியது.

அவர் பயந்தது வேறொன்றுக்கு. லொறியை வாங்கிய விலைக்கேதான் இன்சூரன்ஸ் போட்டிருந்தோம். அதன் பிறகு வெளிநாட்டிலிருந்து வண்டிகள் வருவது நின்றுபோய், பழைய லொறிகளின் விலைகூட எங்கேயோ ஏறிப்போய்விட்டது. திருத்தித் தந்தால் லொறி எங்களுடையது. திருத்த முடியாது என்று கம்பனி முடிவு செய்தால், பழைய விலையைக் கையில் கொடுத்துவிட்டு லொறியை எடுத்துக்கொள்வார்கள். அந்தக் காசுக்குப் பாதி லொறிகூடக் கிடைக்காது.

இதையெல்லாம் மாமனாருக்கு எடுத்துச் சொன்னோம். தலையை ஆட்டினார். மறுநாள் எங்களுக்கு முன்னால் கராஜில் போய் நின்றார்.

"எஸ்டிமேட்டக் கூட்டிப் போடுங்க பாஸ்," என்றார் மெக்கானிக்கிடம். "நீங்க கூட்டிப் போட்டாத்தான் கம்பனிக்காரன் வெட்டி வெட்டி, கடைசியில சரியானதக் குடுப்பான்."

மெக்கானிக்குக்குக் கசக்குமா? போட்டார்.

"உள்ளதச் சொன்னா போதாதுங்களா மாமா?" என்று கேட்டேன்.

"நீ துரைமார்கிட்ட பேசுனதில்ல புள்ள."

என் கணவர் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பேசும்போது குறுக்கே பேச மாட்டார். பாழாய்ப்போன மரியாதை.

கம்பனியிலிருந்து வண்டியைப் பார்க்க வந்தவர் சின்ன வயசுக்காரர், சிங்களவர். சேற்றில் சப்பாத்து படாமல் நடந்து வந்து, எஞ்சின் வேலை செய்கிறதா என்று கேட்டார். என் கணவர் சாவியை எடுப்பதற்குள் மாமனார் முன்னால் போய்க் கையைக் கூப்பினார்.

"ஒக்கோம இவரய் மாத்தையா," என்றார் சிங்களத்தில். எல்லாம் முடிஞ்சிருச்சு ஐயா. பழைய தலைவரின் குரல் அது, கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அந்தப் பையன் இரக்கத்தோடு அவர் தோளைத் தொட்டுவிட்டு எழுதிக்கொண்டான். எந்தத் துரையும் ஒரு நாளும் அவர் சொன்னதை அப்படியே நம்பியதில்லை. இவன் ஒருவன் நம்பிவிட்டான்.

திருத்தச் செலவு கிட்டத்தட்ட இன்சூரன்ஸ் தொகையையே தொடுகிறது, ஆகவே திருத்துவதில் பயனில்லை, முழு நட்டமாக எடுத்துக்கொள்கிறோம் என்று கம்பனியிலிருந்து போன் வந்தது. 'முழு' என்ற சொல் காதில் விழுந்ததும் மாமனார் எழுந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா? வெட்டவே இல்ல. முழுசாத் தர்றாங்க."

அப்போது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. என் கணவர் கம்பனிக்கு ஓடினார். எஞ்சின் ஓடுகிறது, வந்து பாருங்கள் என்று கெஞ்சினார். எஸ்டிமேட் உங்கள் கராஜ் கொடுத்தது, எல்லாம் முடிந்தது என்று சொன்னதும் உங்கள் அப்பா என்றார்கள். அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

வந்த காசு பழைய கடனோடு கரைந்தது. லொறியைக் கம்பனியிடமிருந்து பூண்டுலோயா முதலாளி ஒருவர் எடுத்தார். முன்பக்கத்தை மட்டும் செய்து நீலப் பெயின்ட் அடித்தார், வேறொன்றும் செய்யவில்லை. அந்த வண்டியின் குணம் தெரிந்த டிரைவர் வேண்டுமென்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டது என் கணவரைத்தான். போனார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், போகாமல் என்ன செய்வது?

இப்போது சாயந்தரங்களில் அந்த நீல லொறியை மேல் ரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி வருகிறார். வரும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

"வண்டி எப்படி ஓடுது?" என்று நேற்று மாமனார் கேட்டார்.

"நல்லா ஓடுதுங்கப்பா."

"சம்பளம் பத்தாதே. மொதலாளிகிட்ட கேளு. இதப் போல ரெண்டு பங்கு கேளு, சாப்பாட்டுக்கே வழியில்லன்னு சொல்லு. அப்பத்தான் கொஞ்சமாவது ஏத்துவான்."

என் கணவர் தலையை ஆட்டினார்.