நந்தி அடிவாரத்து ஸ்பெயினும் சுகந்திக்குக் கிடைத்த நாற்காலியும்

எங்கள் ஆபீஸில் ஒருத்தியை ஒரு மாதம் மாட்ரிட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவளிடம் ஓடிப்போய், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "சாப்பாடுதான்பா சரியில்ல. எல்லாத்துலயும் ஆலிவ் எண்ணெய்" என்றாள். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு எரிந்தது. கேன்டீன் சாம்பார் மேல் பழி போட முடியாது.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் தர்மபுரிப் பெண். பெங்களூரு ஈஜிபுராவில் வாடகைக்கு இருக்கிறேன். ஸ்பெயினை இதுவரை செல்போன் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஸ்பானிஷ் மொழியை ஒரு ஆப்பிலும், அந்த ஊர்ச் சமையல் வீடியோக்களிலும் நானாகவே கற்றுக்கொண்டேன். கிட்டார், பாட்டு, கைத்தட்டு, காலடி எல்லாம் சேர்ந்து நெஞ்சைப் பிடித்து உலுக்கும் அவர்களுடைய தெற்கத்தி இசையான ஃபிளமெங்கோ என்றால் எனக்கு உயிர். செவியாவுக்கும் கிரனாடாவுக்கும் போய் நின்று போட்டோ போடுகிறவர்களை எல்லாம் மியூட் செய்து வைத்திருக்கிறேன். லைக் போட்டுவிட்டுத்தான் மியூட் செய்வேன். நாகரிகம் முக்கியம்.

இப்படி இருக்கும்போது போன பிப்ரவரியில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. நந்தி மலை அடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் 'ஸ்பானிஷ் மாலை'. ஒயின், சாப்பாடு, ஃபிளமெங்கோ. கிட்டார் வாசிக்க எலியாஸ் வருகிறார் என்று போட்டிருந்தது. போனைக் கீழே போட்டுவிட்டேன்.

எலியாஸ் பெரிய நட்சத்திரம் எல்லாம் இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் தன் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து ஒரு குட்டி வீடியோ போட்டார். நாற்பது விநாடி கிட்டார். நடுவில் அடுப்பில் இருக்கும் காபிப் பாத்திரம் 'உஸ்ஸ்' என்று சீறும். அவர் சிரித்துக்கொண்டே வாசிப்பார். சரியாக உச்சத்துக்குப் போகும் இடத்தில் வீடியோ முடிந்துவிடும். 'மீதி எங்கே?' என்று அதன் கீழே ஸ்பானிஷில் எழுதினேன். பதில் இல்லை. மேடையிலும் அவர் அதை வாசித்ததில்லை. ஆயிரம் தடவை கேட்டிருப்பேன், மீதி எனக்குத் தெரியாது. விளம்பரத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: 'பார்வையாளர்களில் ஒருவர் கலைஞர்களின் மேஜையில் விருந்தினராக அமர்ந்து, விரும்பியதை வாசிக்கச் சொல்லலாம்.'

அந்த நாற்காலி என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன். எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்று போடவில்லை. வினாடி வினாவாகத்தான் இருக்கும் என்று நினைத்து, ஸ்பெயினின் திராட்சை வகைகள், ஒயின் மாவட்டங்கள், ஃபிளமெங்கோ தாள வகைகள் எல்லாவற்றையும் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்தது போல உருப்போட்டேன்.

டிக்கெட் ஒருவருக்கு 2,800 ரூபாய், ஜோடியாகப் போனால் 4,000. அதனால் அறைத்தோழி சுகந்தியைக் கூட்டிப்போனேன். ஆம்பூர்க்காரி. ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருகிறாள். குடிக்க மாட்டாள், அவள் பங்கு ஒயினும் எனக்குத்தான் என்பது என் கணக்கு. அவளுக்கு இருந்த கவலை வேறு.

"சாப்பாடு போடுவாங்களா?"

"தபாஸ் போடுவாங்கடி. சின்னச் சின்னத் தட்டுல விதவிதமா."

"எவ்ளோ சின்னது?"

"உள்ளங்கை அளவு."

"அப்ப நான் லெமன் ரைஸ் கட்டிக்கிறேன்."

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினோம். போகவர, காத்திருப்புச் சேர்த்து கார் 2,900 ரூபாய். ஓட்டுநர் ஆஸ்டின் டவுன் அந்தோணி அண்ணன். அல்சூர், ஹெப்பாள், தேவனஹள்ளி வழியாகச் சுமார் அறுபது கிலோமீட்டர். ஹெப்பாள் மேம்பாலத்தில் மட்டும் அரை மணி நேரம் நின்றோம். அந்தோணி அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"வைன் குடிக்கவாம்மா இவ்ளோ தூரம்? நம்ம ஏரியாக்கு வாங்க. கிறிஸ்மஸுக்கு எங்க அத்தை போடுற வைன் ஒரு கிளாஸ் அடிச்சா போதும், சும்மா அப்படியே தூங்கிருவீங்க."

"இது ஸ்பானிஷ் திராட்சைண்ணா. டெம்ப்ரனீயோ. சீக்கிரமே பழுக்கும், அதனாலதான் அந்தப் பேரே" என்றேன். பயிற்சிதான்.

"எங்க அத்தையோடது கே.ஆர். மார்க்கெட் திராட்சை. அதுவும் சீக்கிரம் பழுக்கும், விட்டா அழுகிரும்" என்றார். சுகந்தி சிரித்த சிரிப்பில் லெமன் ரைஸ் டப்பா சீட்டிலிருந்து விழுந்தது.

மூன்றே கால் மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். இடம் அழகு, மறுக்க முடியாது. செம்மண்ணில் கம்பி கட்டி வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள், பின்னால் நந்தி மலை. அறுவடைக் காலம் என்பதால் கறுத்த குலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பறித்து வாயில் போடச் சொன்னார்கள். தோல் தடிமன், உள்ளே கொட்டை, ஆனால் இனிப்பு சுளீர் என்று ஏறுகிறது. பாதாள அறையில் ஓக் பீப்பாய்கள். குளிர்ச்சியும் புளித்த வாசனையும் சேர்ந்து, இட்லி மாவு அண்டாவுக்குள் தலையை விட்டது போல இருந்தது என்று சுகந்தி சொன்னாள். நான் கிளாஸைக் காம்பில் பிடித்து, சுழற்றி, மூக்கை விட்டு, "செர்ரி, புகையிலை, கொஞ்சம் தோல் வாசனை" என்றேன். தோல் என்றதும், தோல் பதனிடும் ஆம்பூரில் பிறந்தவள் கிளாஸை வாங்கி முகர்ந்தாள். "இது தோல் வாசனையா? நீ எங்க ஊர்ப் பக்கம் வந்ததே இல்லல்ல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

ஐந்தரை மணிக்கு எல்லோரையும் புல்வெளிக்கு அழைத்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் கலைஞர்களின் மேஜை. எலியாஸ் அங்கே உட்கார்ந்து நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாடி ஆடுகிற பெண்மணி. அவர்களுக்கு நடுவே, சிவப்பு மெத்தை போட்ட ஒரு காலி நாற்காலி. என் நாற்காலி.

தொகுப்பாளர் வினாத்தாள் எதையும் எடுக்கவில்லை. மூக்கு நீண்ட ஒரு கண்ணாடிக் கூஜாவை எடுத்தார். அதன் பெயர் போரோன். ஸ்பெயினின் வடகிழக்கில் விருந்துகளில் கைமாற்றிக் குடிப்பது. வாய் வைக்கக் கூடாது. கையை நீட்டித் தூக்கிப் பிடித்தால், மூக்கிலிருந்து மெல்லிய தாரையாக ஒயின் வாயில் விழ வேண்டும். யார் சிந்தாமல் அதிக நேரம் குடிக்கிறார்களோ அவருக்கே நாற்காலி. வடக்கத்திக் கூஜாவையும் தெற்கத்தி இசையையும் ஒரே மேஜையில் வைப்பது என்ன நியாயம் என்று எனக்குக் கோபம் வந்தது. கேட்பதற்குள் என் முறை வந்துவிட்டது.

மூன்று வருடமாக ஆபீஸில் ஸ்ட்ரா வைத்த பாட்டிலில் உறிஞ்சிக் குடிக்கிறவள் நான். தாரை முதலில் என் மூக்குக்குள் போனது. அடுத்து கழுத்து. அடுத்து, இந்த மாலைக்காகவே வாங்கிய வெள்ளைக் குர்தா. மொத்தம் இரண்டு விநாடி இருக்கும். எலியாஸ் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். அவர் சிரித்திருந்தாலாவது பரவாயில்லை.

குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறு ஊற்றிய ஒரு கூஜாவும் வைத்திருந்தார்கள். சுகந்தி அதை எடுத்தாள். குடத்தடியில் சொம்பு தூக்குவது போலத் தூக்கினாள். அண்ணாந்தாள். கையை மெல்ல நீட்டிக்கொண்டே போனாள். தொண்டை மட்டும் மடக் மடக்கென்று அசைந்தது. கூட்டம் எண்ண ஆரம்பித்தது, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தது. கூஜாவைக் காலி செய்துவிட்டு, காய்ந்த உதட்டோடு, "அவ்ளோதானா?" என்றாள்.

"அது ஜூஸ்! ஜூஸ் செல்லாது!" என்று கத்தியது நான்தான். அங்கே கூட்டம் எடுத்த வீடியோக்களில் கேட்கிறது. தயவுசெய்து டேக் செய்யாதீர்கள்.

எலியாஸ் எழுந்து வந்து அவளைக் கைப்பிடித்து அழைத்துப்போய் சிவப்பு மெத்தையில் உட்காரவைத்தார். ஸ்பானிஷில் கடகடவென்று ஏதோ கேட்டார். சுகந்தி திருதிருவென்று விழித்தாள். ஸ்பானிஷ் தெரிந்தவர் யாராவது உண்டா என்று தொகுப்பாளர் கேட்க, அவள் என்னை நோக்கிக் கையை நீட்டினாள். "அவளுக்குத் தெரியும் சார்! தூக்கத்துலகூட அதான் பேசுவா!"

இப்படித்தான் நான் அந்த மேஜைக்குப் போனேன். அவள் நாற்காலிக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில், மொழிபெயர்ப்பாளராக. குர்தாவில் டெம்ப்ரனீயோவோடு.

"இப்படிக் குடிக்க யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்கிறார்" என்றேன்.

"யாரு கத்துக்குடுப்பா? சொம்பை எச்சி பண்ணா எங்கம்மா முதுகுலயே ஒண்ணு வைப்பாங்கன்னு சொல்லு."

எச்சிலுக்கு ஸ்பானிஷில் என்ன சொல்வது? எங்கள் வீட்டு வழக்கம் என்று மட்டும் சொன்னேன். சுகந்திக்குச் சந்தேகம். தானே முதுகில் அறை விழுவது போல நடித்துக் காட்டினாள். எலியாஸ் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அவர் ஊரிலும் வெயில் காலத்தில் மூக்கு வைத்த மண்கூஜாவில் தண்ணீர் இருக்குமாம். வீட்டில் எல்லோரும் அண்ணாந்துதான் குடிப்பார்களாம். வாய் வைத்தால் அவர் அம்மாவும் அறைவாராம். இத்தனையையும் அவர் சுகந்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல, நான் அவள் பின்னந்தலையைப் பார்த்து மொழிபெயர்த்தேன். ஸ்பெயினைப் பற்றி இவ்வளவு படித்தும் அந்த மண்கூஜா எனக்குத் தெரியாது. அவளிடம் வலிய வந்து சொல்கிறார்!

பிறகு கேட்டார்: "உங்களுக்கு என்ன வாசிக்கட்டும்?"

மொழிபெயர்த்தேன். அவள் என்ன சொன்னாலும் சரி, நான் என் வீடியோவைக் கேட்டுவிடலாம். அந்த மேஜையில் யாருக்குத் தமிழ் தெரியும்? வாக்கியத்தைக்கூட மனதுக்குள் கட்டிவிட்டேன். சுகந்தியிடம் கெஞ்ச மட்டும் வாய் வரவில்லை. ஜூஸ் செல்லாது என்று கத்திய வாய்.

சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதுக்குப் பேரு என்னடி?"

"எதுக்கு?"

"தினமும் போட்டு என் உசுர வாங்குவியே, அது."

"பேரு இல்ல. அவர் பேரே வைக்கல."

"சரி விடு." நேராக எலியாஸைப் பார்த்து முனக ஆரம்பித்தாள். சுதி முன்னே பின்னே இருந்தது, தாளம் அப்படியே இருந்தது. நடுவில் நிறுத்தி, "உஸ்ஸ்ஸ்" என்று ஒரு சீறல். காபிப் பாத்திரம்! அவளுக்கு அதுவும் பாட்டில் சேர்த்தி. எலியாஸ் முகம் மாறியது. முதலில் புரியாமல், பிறகு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "என் அடுக்களை!" என்றார். இதை மட்டும் நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

அன்று ஆறரை மணிக்கு, "சுகாந்திக்காக" என்று சொல்லிவிட்டு, அவர் அதை வாசித்தார். நாற்பது விநாடி தாண்டியதும் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். உச்சத்துக்கு ஏறும் என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன். ஏறவில்லை. அந்த இடத்தில் சட்டென்று இறங்கி, ஒற்றைத் தந்தியில், வீட்டுக்குத் திரும்பி நடப்பது போல மெதுவாகப் போனது. அந்தப் பெண்மணி இரண்டு உள்ளங்கையையும் குழித்து ஓசை வராமல் தட்டினார். நந்தி மலை கறுத்துக்கொண்டே வந்தது. அழுதேன். என் பெயரைச் சொல்லி வாசித்திருந்தால் இன்னும் நன்றாக அழுதிருப்பேன்.

எட்டு மணிக்குக் காரில் ஏறினோம். "வைன் எப்டிம்மா?" என்றார் அந்தோணி அண்ணன். சுகந்தி லெமன் ரைஸைத் திறந்து அவருக்கும் கொடுத்தாள். "எல்லாம் நல்லாதாண்ணா இருந்துச்சு. அந்தப் பாட்டுதான், ரெண்டாவது பாதி கொஞ்சம் இழுவை."

எனக்கு மாட்ரிட்காரியின் குரல் கேட்டது. தேவனஹள்ளி தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அப்புறம் பசித்தது. டப்பாவைத் தா என்றேன். எனக்கென்று பாதி எடுத்து வைத்திருந்தாள்.

போக நினைக்கிறவர்களுக்கு: பிப்ரவரி, மார்ச்சில் போங்கள், கொடியில் குலை இருக்கும். சொந்த வண்டி வேண்டாம், அது குடித்துவிட்டு ஓட்டும் தூரமும் அல்ல, சாலையும் அல்ல. தபாஸை நம்பி வெறும் வயிற்றோடு போகாதீர்கள். உருளைக்கிழங்கு முட்டை அடை மட்டும் நிஜமாகவே நன்றாக இருந்தது, இரண்டாம் தடவை கேட்டால் தருகிறார்கள். ஆறு மணிக்கு மேல் குளிரும். வெள்ளை உடை வேண்டவே வேண்டாம். ஒரு வாரம் முன்னாலிருந்தே வீட்டில் தண்ணீரை அண்ணாந்து குடித்துப் பழகுங்கள். புத்தகம் படிக்க வேண்டியதில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் அந்த வீடியோவின் கீழே என் பழைய கேள்விக்கு எலியாஸ் பதில் எழுதியிருந்தார். இரண்டு வருடம் காத்திருந்த பதில். என் போட்டோவை வைத்து அடையாளம் கண்டிருப்பார். ஒரே வரி: 'மீதியைக் கேட்ட உங்கள் தோழிக்கு என் அன்பு.'

சுகந்தியிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. உங்களில் யாராவது பல் வலி என்று அந்தக் கிளினிக்குக்குப் போனால், நீங்களே சொல்லிவிடுங்கள்.